ஓட்டுக் கேட்டுத் தனியாக மெசேஜ் போடலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், ஆத்தங்குடி, பள்ளத்தூர், புதுவயல் பக்கத்து ஆட்கள் சேர்ந்து பழைய வீட்டுப் படங்கள், கணக்கு நோட்டுகள், சமையல் குறிப்புகள், வழக்கொழிந்த சொற்கள் என்று சேகரித்து வைக்கும் வாட்ஸ்அப் குழு நம்முடையது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஐந்து ஒருங்கிணைப்பாளர்களைத் தேர்ந்தெடுக்கிறோம். பெரிய பதவி ஒன்றும் இல்லை. சம்பளம் கிடையாது, மாலை கிடையாது. ஆனாலும் சென்ற தேர்தலில் ஓட்டுப்பதிவு முடிந்த அன்று இரவே, "எனக்குத் தனியாக மெசேஜ் வந்தது", "எனக்கு வரவில்லையே, ஏன்?" என்று தொடங்கிய பேச்சு, இரண்டு பேர் குழுவை விட்டு வெளியேறுவதில் போய் முடிந்தது. அதற்குப் பிறகு எழுதிய விதிகள் இவை. தேர்தல் பொறுப்பாளர்கள் மூன்று பேரில் நானும் ஒருவன். என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றைக் கீழே எழுதியிருக்கிறேன். இடையில் என் சொந்த அபிப்பிராயமும் வரும். அது விதி அல்ல என்பதை அந்தந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

தனிச்செய்தியில் ஓட்டுக் கேட்பதே தப்பா?

தப்பில்லை. ஒருவர் இன்னொருவரிடம் பேசுவதைத் தடுக்கும் அதிகாரம் நமக்கு இல்லை, அந்த ஆசையும் இல்லை. "நான் நிற்கிறேன்" என்று சொல்வதில் என்ன குற்றம்?

தனிச்செய்தியில் சொன்னதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் அந்த இடத்தில் இல்லை என்பதுதான் சிக்கல். குழுவில் ஒருவர் "நான் வந்தால் பழைய படங்களை எல்லாம் ஆறு மாதத்தில் ஸ்கேன் செய்து முடிப்பேன்" என்று எழுதினால், "சென்ற முறையும் இதையேதான் சொன்னீர்கள் அண்ணே" என்று கேட்க நாலு பேர் இருப்பார்கள். அதையே தனித்தனியாக ஐம்பது பேருக்கு எழுதினால் கேட்க ஆளில்லை. ஐம்பது பேரும் அதை உண்மை என்று எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

அதனால் ஒரே ஒரு சோதனை வைத்திருக்கிறோம். நீங்கள் தனியாக அனுப்பும் செய்தியை ஓர் எழுத்தும் மாற்றாமல் குழுவில் போட உங்களுக்குச் சம்மதமா? சம்மதம் என்றால் பெரும்பாலும் சிக்கல் இல்லை. "ஐயையோ, அதை எப்படிக் குழுவில் போடுவது" என்று மனசு சொன்னால், தனியாகவும் அனுப்ப வேண்டாம்.

எனக்கு நன்றாகத் தெரிந்த பத்துப் பதினைந்து பேருக்கு மட்டும் சொன்னால்?

இதைக் கேட்காத வேட்பாளரே இல்லை. நம் ஊர்ப் பழக்கத்தை வைத்தே பதில் சொல்கிறேன். ஒரு கல்யாணத்துக்குத் தெருவில் நாலு வீட்டுக்கு மட்டும் பத்திரிகை வைத்துவிட்டு மற்ற வீட்டு வாசலைத் தாண்டிப் போனால் என்ன ஆகும்? பத்திரிகையில் ஒரு பிழையும் இருக்காது. ஆனாலும் அடுத்த பத்து வருஷத்துக்கு அந்தத் தெருவில் பேச்சு இருக்கும். தேர்தலிலும் செய்தியைவிட அது யார் கைக்குப் போகவில்லை என்பதுதான் மனசைக் கெடுக்கிறது.

விக்கிப்பீடியாவில் இதற்கு ஒரு வழிகாட்டல் உண்டு. அங்கே ஒரு விவாதத்துக்கு ஆள் திரட்டுவதை நான்கு வகையில் பார்க்கிறார்கள்: எத்தனை பேருக்குப் போனது, செய்தி நடுநிலையா சார்பா, ஒரு பக்கத்து ஆட்களாகப் பார்த்துப் போனதா, வெளிப்படையாகப் போனதா மறைவாகவா. இந்த நான்கில் மூன்றாவதுதான் நம் ஊர்க்காரர்களுக்கு மிகவும் கடினம். நமக்கு வேண்டியவர்களுக்குச் சொல்வதைத் தப்பு என்றே நாம் நினைப்பதில்லை. அது முறை என்று வளர்ந்தவர்கள் நாம்.

ஆகவே விதி இது: வேட்பாளர் தானாகத் தொடங்கும் தனிச்செய்தி ஐந்து பேருக்கு மேல் போகக் கூடாது. அந்த ஐந்து பேரிடமும் உங்களை முன்மொழியச் சொல்லிக் கேட்கலாம், ஆலோசனை கேட்கலாம். அதற்கு மேல் உறுப்பினர்களிடம் போக வேண்டுமானால் எங்கள் வழியாகத்தான் போக வேண்டும். யாராவது உங்களுக்குத் தானாக எழுதிக் கேட்டால், எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் பதில் சொல்லலாம், கணக்கில்லை.

ஐந்து என்ன கணக்கு?

கணக்கு ஒன்றும் இல்லை. மூன்று என்றார் ஒருவர், பத்து என்றார் இன்னொருவர். காபி ஆறிப்போனது. ஐந்தில் நின்றோம்.

அப்படியானால் எல்லாருக்கும் ஒரே செய்தியாக பிராட்காஸ்ட் போட்டுவிடுகிறேன். யாரையும் விடவில்லையே?

விட்டிருப்பீர்கள், உங்களுக்குத் தெரிந்திருக்காது. வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் லிஸ்டில் ஒரு பட்டியலுக்கு 256 பேர்தான். அதுவும், உங்கள் எண்ணைத் தன் போனில் பதிந்து வைத்திருப்பவருக்கு மட்டும்தான் போய்ச் சேரும். உங்கள் எண்ணைப் பதிந்து வைத்திருப்பவர் யார்? உங்கள் சொந்தக்காரர், உங்கள் ஊர்க்காரர், உங்களோடு படித்தவர். எல்லாருக்கும் அனுப்பியதாக நீங்கள் நினைப்பீர்கள், அது வேண்டியவர்களுக்கு மட்டும் போயிருக்கும். சென்ற தேர்தலில் நடந்ததில் பாதி இதுதான் என்பது என் ஊகம். அனுப்பியவர் உள்நோக்கம் இல்லை என்று சத்தியம் செய்தார். நான் நம்பினேன். நம்பாதவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

இதற்கு மாற்றாக ஒன்று செய்கிறோம். ஒவ்வொரு வேட்பாளரும் 150 சொல்லுக்குள் ஓர் அறிமுகம் எழுதித் தர வேண்டும். எல்லா அறிமுகங்களையும் ஒரே நாளில், ஒரே நேரத்தில், பெயரின் அகர வரிசையில் அறிவிப்புக் குழுவில் நாங்கள் போடுவோம். போன் சரியாகப் பார்க்காத மூத்தவர்களுக்கு மூன்று பொறுப்பாளர்களும் பிரித்துக்கொண்டு போனில் படித்துக் காட்டுவோம். ஏற்ற இறக்கம் இல்லாமல் படிக்க வேண்டும் என்பது எங்களுக்கு நாங்களே போட்டுக்கொண்ட விதி. ஒருவரின் அறிமுகத்தை உற்சாகமாகவும் இன்னொருவருடையதைக் கொட்டாவி விட்டுக்கொண்டும் படித்தால் அதுவும் பிரச்சாரம்தான்.

அனுமதி உள்ள செய்தி எப்படி இருக்கும்? ஒரு மாதிரி காட்டுங்கள்.

இது சரி:

"வணக்கம். ஒருங்கிணைப்பாளர் பொறுப்புக்கு நிற்கிறேன். என் அறிமுகம் அறிவிப்புக் குழுவில் இருக்கிறது. என்னை முன்மொழிய முடியுமா என்று கேட்கவே எழுதுகிறேன். விருப்பமில்லை என்றால் பதில் போட வேண்டியதில்லை."

இது சரியில்லை:

"அம்மான், நல்லா இருக்கீங்களா? ஆச்சிக்கு முட்டுவலி எப்படி இருக்கு? நான் எலெக்ஷன்ல நிக்கிறேன். நம்ம ஊர் ஆளு ஒருத்தர்கூட கமிட்டியில இல்லை. நம்ம ஓட்டு சிதறக் கூடாது. வீட்டுல நாலு ஓட்டும் எனக்குத்தான்னு நம்பிட்டேன். இதை யாருக்கும் சொல்ல வேண்டாம்."

இரண்டாவது செய்தியைப் படிக்கும்போது பாசமாகத்தான் இருக்கும். மோசமான வார்த்தை ஒன்றுகூட இல்லை. ஆனால் 'நம்ம ஊர்' என்று குழுவை இரண்டாக வெட்டுகிறது. வீட்டில் நான்கு பேர் தனித்தனியாக யோசிக்க வேண்டியதை ஒருவர் தலையில் கட்டுகிறது. மறுக்க இடமே தராமல் 'நம்பிட்டேன்' என்கிறது. கடைசியில், ரகசியமாக வைக்கச் சொல்கிறது. முட்டுவலியை விசாரித்ததில் மட்டும் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் ஓட்டுக் கேட்கும் வாரத்தில் மட்டும் ஞாபகம் வரும் முட்டுவலி என்றால் அதுவும் கொஞ்சம் இடிக்கிறது.

'விருப்பமில்லை என்றால் பதில் போட வேண்டியதில்லை' என்ற வரி கட்டாயம். அது இல்லாத செய்தியைப் புகாராக எடுத்துக்கொள்வோம்.

சொந்தக்காரர்களிடம் வீட்டில் பேசுவதற்கும் விதி உண்டா?

இல்லை. வீட்டுப் பட்டாலையில் உட்கார்ந்து பேசுவதை யார் போய்ப் பார்ப்பது? கோயில் வாசலில் பார்த்துப் பேசினால், போனில் பேசினால், கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம் சொன்னால், எதற்கும் விதி இல்லை. எழுத்திலும் குரல் பதிவிலும் போகும் செய்திக்குத்தான் விதி.

அப்படியென்றால் விதிக்கே அர்த்தம் இல்லையே என்று ஒருவர் கேட்டார். கேட்டது நியாயம்தான். ஆனால் நேரில் பேசும்போது கேட்பவர் முகம் தெரியும். "பார்க்கலாம் அண்ணே" என்று இழுத்தால் கேட்டவருக்குப் புரிந்துவிடும், அதோடு பேச்சு மாறும். எழுத்தில் அந்த இழுவை இல்லை. இரண்டு நீல டிக் விழுந்துவிட்டது, பதில் வரவில்லை என்றால் அதுவே ஒரு வருத்தமாகிவிடுகிறது. பதில் போட்டால் அது எழுத்தில் கொடுத்த வாக்காக நிற்கிறது. நேரில் ஒருவர் ஒரு நாளில் பத்துப் பேரிடம் பேச முடியும். விரலால் பத்து நிமிஷத்தில் நூறு பேரிடம் பேசலாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இது என் அபிப்பிராயம். வெளியூர்க்காரர்கள் தனிச்செய்திப் பிரச்சாரத்தைப் பற்றிப் பேசும்போது பொய்ச் செய்தியைத்தான் பெரிதாகச் சொல்கிறார்கள். நம் பக்கத்தில் பொய் அவ்வளவு சிக்கல் இல்லை. ஒருவர் பொய் சொன்னால் மறுநாள் காலைக்குள் தெரிந்துவிடும், அத்தனை உறவு பின்னிக் கிடக்கிறது. அந்த உறவுதான் இங்கே சிக்கலும். என் மகள் கல்யாணத்துக்கு முன்னால் நின்று வேலை பார்த்தவர் ஓட்டுக் கேட்டால் நான் எப்படி மறுப்பது? மொய் நோட்டில் எழுதாத கடன் அது. அதைத் தீர்க்க ஓட்டைக் கொடுத்துவிட்டால், கேட்காமல் ஒதுங்கி நிற்கும் நல்ல வேட்பாளருக்கு என்ன மிஞ்சும்? ஆத்தங்குடியில் கல் பதிக்கும் குடும்பத்திலிருந்து ஒரு பையன் சென்ற முறை நின்றான். குழுவுக்கு அவன் எடுத்துத் தந்த படங்கள்தான் அதிகம். அவனுக்கு இங்கே மாமன் மச்சான் வலை கிடையாது. அவன் தோற்றதற்குத் தனிச்செய்திகள்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவன் யாருக்கும் எழுதவில்லை என்பது எனக்குத் தெரியும்.

நகரத்தார் வழக்கப்படி ஒரு புள்ளிக்கு ஒரு ஓட்டு என்று வைத்தால் இந்தத் தொல்லை குறையாதா?

தெரியாதவர்களுக்கு: நகரத்தார் வழக்கில் கல்யாணமான தம்பதியை ஒரு புள்ளியாகக் கணக்கிட்டு, கோயிலுக்குப் புள்ளி வரி வாங்குவது உண்டு. கோயில் காரியத்துக்கு அது பொருந்தும். நம் குழுவில் எல்லாச் சமூகத்தாரும் இருக்கிறார்கள், கல்யாணம் ஆகாத கல்லூரிப் பெண்களும் இருக்கிறார்கள். அதனால் ஆளுக்கு ஓர் ஓட்டு. ஒரே போனை ஐயாவும் ஆயாவும் சேர்ந்து பயன்படுத்தினால், இரண்டு பேரும் உறுப்பினர் என்றால், இரண்டு ஓட்டுச் சீட்டு எண்கள் தருவோம். ஆயாவின் ஓட்டையும் ஐயாவே போட்டுவிடுவார் என்கிறீர்களா? சில வீடுகளில் அது தலைகீழாகவும் நடக்கும்.

எதற்கு இவ்வளவு? வாட்ஸ்அப்பிலேயே 'போல்' (poll) வைத்துவிட்டால் போதாதா?

மதியச் சாப்பாட்டுக்கு எத்தனை பேர் வருகிறீர்கள் என்று கேட்க அது போதும். தேர்தலுக்கு ஆகாது. வாட்ஸ்அப் போலில் யார் எதற்கு ஓட்டுப் போட்டார் என்பதைக் குழுவில் உள்ள எல்லாரும் பார்க்கலாம். தனிச்செய்தியில் ஓட்டுக் கேட்டவர், கேட்டபடி நடந்ததா என்று அங்கேயே சரிபார்த்துவிடுவார்.

சொல்லப்போனால், தனிச்செய்திக்கு நாம் போடும் எல்லா விதிகளையும்விட ரகசிய ஓட்டுதான் பெரிய பாதுகாப்பு. ஓட்டு ரகசியம் என்றால் "சரி அண்ணே, போட்டுடுறேன்" என்று பெரியவரிடம் மரியாதையாகச் சொல்லிவிட்டு, நமக்குப் பிடித்தவருக்குப் போடலாம். அப்படிச் சொல்லலாமா என்று என்னைக் கேட்காதீர்கள்.

கூகுள் ஃபார்மில் ஓட்டெடுக்கிறோம். ஆளுக்கு ஒரு பதில்தான் என்று அதிலேயே கட்டுப்படுத்தலாம், ஆனால் அதற்கு கூகுள் கணக்கில் உள்நுழைய வேண்டும். நம் ஆச்சிகளில் பாதிப் பேருக்குக் கடவுச்சொல் பேரன் தலையில்தான் இருக்கிறது, பேரன் பெங்களூரில் இருக்கிறான். அதனால் எண் முறை. ஒரு பொறுப்பாளர் பெயரில்லாத எண் பட்டியலைத் தயாரிப்பார். இன்னொருவர் அந்த எண்களைக் கலைத்து உறுப்பினர்களுக்கு ஆளுக்கொன்றாக அனுப்புவார். எண்ணை அனுப்பியவருக்கு ஓட்டுகள் தெரியாது. ஓட்டுகளைப் பார்ப்பவருக்கு எந்த எண் யாருடையது என்று தெரியாது. இரண்டு பேரும் கூட்டுச் சேர்ந்தால் தெரிந்துவிடும், மறைக்கவில்லை. அதற்காகத்தான் ஒருவருக்கொருவர் அவ்வளவாக ஒத்துப்போகாத இரண்டு பேரை அந்த வேலைக்கு வைத்திருக்கிறோம்.

ஓட்டுப் போட்டதற்கு ஸ்க்ரீன்ஷாட் கேட்கிறார்கள். அனுப்பலாமா?

கூடாது. கேட்பது எங்கள் விதிகளில் மிகப் பெரிய குற்றம். கேட்ட வேட்பாளர் உடனே நீக்கப்படுவார், எச்சரிக்கை எல்லாம் கிடையாது. வேட்பாளருக்காக வேறொருவர் கேட்டாலும், வேட்பாளருக்குத் தெரிந்து நடந்தது என்றால் இதேதான். உங்களிடம் கேட்டால், "பொறுப்பாளர்கள் தடை போட்டிருக்கிறார்கள்" என்று எங்கள் மேல் பழியைப் போட்டுவிடுங்கள். அந்தப் பழியைச் சுமக்கத்தானே இருக்கிறோம்.

நான் வேட்பாளர் இல்லை. ஒருவரை எனக்குப் பிடித்திருக்கிறது. அவருக்காக நான் எழுதலாமா, ஃபார்வர்டு செய்யலாமா?

உங்கள் வார்த்தையில் நீங்களே எழுதலாம், அதே ஐந்து பேர் வரம்போடு. வேட்பாளர் எழுதிக் கொடுத்ததை ஃபார்வர்டு செய்யக் கூடாது. செய்தால் அது வேட்பாளர் அனுப்பியதாகவே கணக்கு. பத்து நண்பர்கள் ஆளுக்கு ஐந்து என்றால் ஐம்பது ஆகிவிடுமே என்ற சூத்திரத்தை ஒருவர் ஏற்கெனவே கண்டுபிடித்துவிட்டார். அதனால்தான் இந்த விதி.

ஃபார்வர்டு எவ்வளவு வேகமாகப் பரவும் என்பது வாட்ஸ்அப் நிறுவனத்துக்கே தெரியும். 2018-இல் இந்தியாவில் ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி மாற்றினார்கள். 2020 ஏப்ரலில், பலமுறை கைமாறிய செய்தியை ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான் அனுப்பலாம் என்றார்கள். ஆனால் ஒருவர் உட்கார்ந்து காப்பி எடுத்து ஒட்டிக்கொண்டே போனால் எந்தத் தடையும் இல்லை, 'ஃபார்வர்டு' என்ற முத்திரையும் விழாது.

எதிர் வேட்பாளரைப் பற்றி எனக்கு ஓர் உண்மை தெரியும். குழுவில் போட்டால் அவருக்கு அவமானம். தனியாகச் சிலருக்குச் சொன்னால் அவர் மானமும் காக்கப்படும், மக்களும் எச்சரிக்கையாக இருப்பார்கள் அல்லவா?

இதைக் கேட்டவர் நல்ல மனசோடுதான் கேட்டார். ஆனால் நடப்பது நேர்மாறு. குழுவில் போட்டால் சம்பந்தப்பட்டவர் பதில் சொல்லலாம். தனியாகப் பரவினால் ஊருக்கே தெரிந்திருக்கும், அவருக்கு மட்டும் தெரியாது. அதைவிடப் பெரிய அவமானம் எது?

எங்களிடம் வந்த ஒரு விஷயத்தைப் பெயர் சொல்லாமல் சொல்கிறேன். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடைகள் வரிசையாக இருப்பது எல்லாருக்கும் தெரியும். இடித்த வீட்டுக் கதவு, தூண், எனாமல் பாத்திரம், பழைய படங்கள் எல்லாம் அங்கே விலைக்கு வரும். அந்த வியாபாரத்தில் தொடர்புள்ள ஒருவர் வேட்பாளர். குழுவில் யார் தன் வீட்டுப் பழம்பொருளின் படம் போட்டாலும் அவர் தனியாக விலை பேசுகிறார் என்று ஒரு பேச்சு தனிச்செய்தியில் சுற்றியது. அது நியாயமான கேள்வி, கேட்டிருக்க வேண்டிய கேள்வி. ஆனால் குழுவில் யாரும் கேட்கவில்லை. நாங்கள் அவரிடம் சொல்லி, குழுவிலேயே விளக்கம் கேட்டோம். விற்க விருப்பமா என்று இரண்டு பேரிடம் கேட்டதை ஒப்புக்கொண்டார். ஒருங்கிணைப்பாளர் ஆனால் குழு உறுப்பினரிடம் வாங்க மாட்டேன் என்று எழுதிக் கொடுத்தார். அது போதும் என்றார்கள் சிலர், போதாது என்றார்கள் சிலர். எதுவானாலும் ஓட்டுப் போடும்முன் எல்லாருக்கும் ஒரே தகவல் கையில் இருந்தது.

ஆகவே: எதிர் வேட்பாளரைப் பற்றிய குறை எதுவும் தனிச்செய்தியில் போகக் கூடாது. ஒன்று, குழுவில் கேளுங்கள். குழுவில் கேட்கத் தயக்கம் என்றால் எங்களுக்கு எழுதுங்கள், உங்கள் பெயரை வெளியிடாமல் நாங்கள் கேட்கிறோம். வேட்பாளருக்குப் பதில் சொல்ல 24 மணி நேரம் தருவோம்.

சிங்கப்பூர், மலேசியா உறுப்பினர்களுக்கு என்ன நேரத்தில் அனுப்பலாம்?

பெறுபவர் ஊர் நேரப்படி காலை 8 முதல் இரவு 9 வரை. சிங்கப்பூரும் மலேசியாவும் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால். நாம் இரவு 9 மணிக்குச் சாப்பிட்டுவிட்டுத் திண்ணைக்கு வந்து போனை எடுக்கும்போது அங்கே 11.30. நடுராத்திரியில் ஊரிலிருந்து மெசேஜ் வந்தால் அங்கே இருப்பவர்கள் முதலில் கெட்ட செய்தி என்றுதான் பயப்படுவார்கள். எடுத்துப் பார்த்தால் "எனக்கு ஓட்டுப் போடுங்கள்" என்று இருக்கும். அந்த ஓட்டு உங்களுக்கு விழாது என்பதை விதி இல்லாமலே சொல்லிவிடலாம்.

ஓட்டுப் போட மறக்காதீர்கள் என்று நினைவூட்டுவதுகூடப் பிரச்சாரமா?

எல்லாருக்கும் சேர்த்துக் குழுவில் சொன்னால் சேவை. உங்களுக்குப் போடுவார் என்று தெரிந்தவர்களை மட்டும் பொறுக்கி எடுத்துத் தனியாக நினைவூட்டினால் பிரச்சாரம். வார்த்தை இரண்டிலும் ஒன்றுதான். ஓட்டுப்பதிவு நான்கு நாள் நடக்கும், தினமும் மாலையில் நாங்களே நினைவூட்டுவோம். தொல்லையாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிரச்சாரமே செய்யக் கூடாத அமைதி நாள் உண்டா?

உண்டு. ஓட்டுப்பதிவு தொடங்குவதற்கு முந்தைய முழு நாளும், ஓட்டுப்பதிவு நடக்கும் நாட்களும். நாட்டுத் தேர்தலில் 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 126-ஆவது பிரிவு, ஓட்டுப்பதிவு முடியும் நேரத்துக்கு முந்தைய 48 மணி நேரத்தில் பொதுக்கூட்டம் போன்றவற்றைத் தடுக்கிறது. அந்தச் சட்டம் நம்மைக் கட்டுப்படுத்தாது, யோசனையை மட்டும் எடுத்துக்கொண்டோம். இந்த நாட்களில் யாராவது தானாக உங்களிடம் கேள்வி கேட்டால், "அறிமுகத்தில் இருக்கிறது, பாருங்கள்" என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

விதி மீறிய செய்தி எனக்கு வந்தது. எப்படிப் புகார் செய்வது?

அழிக்காமல் வைத்திருங்கள். குழுவில் போடாதீர்கள், அது இன்னொரு சண்டையைக் கிளப்பும். பொறுப்பாளர் ஒருவருக்குச் சொல்லுங்கள்.

ஸ்க்ரீன்ஷாட்டை மட்டும் வைத்து நாங்கள் முடிவெடுக்க மாட்டோம். பெயரையும் படத்தையும் மாற்றி யார் பெயரில் வேண்டுமானாலும் ஒரு பொய் ஸ்க்ரீன்ஷாட் செய்துவிடலாம், கல்லூரிப் பையனுக்கு ஐந்து நிமிஷ வேலை. உங்கள் போனிலேயே அந்த உரையாடலை நேரிலோ வீடியோ அழைப்பிலோ காட்டினால் போதும். சீக்கிரம் காட்டுங்கள். அனுப்பியவர் 15 நிமிஷத்துக்குள் செய்தியைத் திருத்தலாம், சுமார் இரண்டு நாளுக்குள் இரு பக்கமும் அழித்துவிடலாம். தானாக மறையும்படி வைத்து அனுப்பிய தேர்தல் செய்தி, ஒருமுறை மட்டும் பார்க்கும்படி அனுப்பிய படம் இரண்டும், உள்ளே என்ன இருந்தாலும், விதிமீறல்தான். மறைக்க ஒன்றும் இல்லாதவருக்கு மறையும் செய்தி எதற்கு?

வேட்பாளர் குரலில் வரும் ஆடியோவுக்கும் இதேதான். குரலைப் போலச் செய்வது இப்போது எளிதாகிவிட்டது. அதனால் வேட்பாளர் குரல் பதிவு எதுவும் அறிவிப்புக் குழுவில் இல்லாவிட்டால் நம்ப வேண்டாம்.

தண்டனை?

முதல்முறை, தெரியாமல் செய்தது என்றால்: அதே ஆட்களுக்கு "நான் அனுப்பியது விதிக்கு மாறானது" என்று எழுத வேண்டும், செய்தி குழுவிலும் வெளியிடப்படும். வெளியிடுவது அவமானப்படுத்த அல்ல. அந்தச் செய்தி கிடைக்காதவர்களுக்கும் கிடைக்கட்டும் என்பதற்காக. இரண்டாம் முறை, வேட்புமனு நீக்கம். ஓட்டுகளைக் கழிப்பது என்பது கிடையாது. யார் ஓட்டு எது என்று தெரியாதபோது எதைக் கழிப்பது?

ஒருவர் தனக்கு எதிரியின் பெயரைக் கெடுக்க, எதிரிக்கு ஆதரவாகத் தானே நூறு பேருக்கு மெசேஜ் போட்டால்? யோசித்தோம். வேட்பாளருக்குத் தெரிந்து நடந்தது என்று உறுதியாகாமல் அவர் மேல் நடவடிக்கை இல்லை. அனுப்பியவர் மேல் உண்டு.

தேர்தல் பொறுப்பாளர்களே வேட்பாளருக்குச் சொந்தக்காரராக இருந்தால்?

உத்திரமேரூர்க் கல்வெட்டில், 919, 921 ஆண்டுகளில், முதலாம் பராந்தகன் காலத்திலேயே இதற்கு வழி சொல்லியிருக்கிறார்கள். கணக்குக் காட்டாதவர் பெயரைக் குடவோலையில் எழுதக் கூடாது, அவருடைய நெருங்கிய உறவினர்கள் பெயரையும் எழுதக் கூடாது என்று உறவு முறைகளை வரிசையாக அடுக்கியிருக்கிறது. நாங்களும் அப்படி ஒரு பட்டியல் போட்டுப் பார்த்தோம். மாமன், மச்சான், சகலை, சம்பந்தி என்று எழுதிக்கொண்டே போனபோது பொறுப்பாளராக ஆளே மிஞ்சவில்லை. கடைசியில் பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர், கணவன் மனைவி, அவர்களின் உடன்பிறந்தோர் என்று நிறுத்திக்கொண்டோம். அதற்கு மேற்பட்ட உறவு இருந்தால் குழுவில் அறிவித்துவிட வேண்டும். இம்முறை என் ஒன்றுவிட்ட தம்பி ஒருவர் நிற்கிறார். அறிவித்துவிட்டேன். அவர் புகாரோ அவர் மேல் புகாரோ வந்தால் நான் அதைப் பார்க்க மாட்டேன்.

ஜெயித்த பிறகு நன்றி சொல்லித் தனியாக மெசேஜ் போடலாமா?

போடலாம், எத்தனை பேருக்கு வேண்டுமானாலும். தோற்றவரும் போடலாம். ஆனால் "நீங்க எனக்குத்தான் போட்டிருப்பீங்கன்னு தெரியும்" என்று மட்டும் எழுதாதீர்கள். போடாதவர்கள்தான் அதற்கு முதலில் பதில் அனுப்புவார்கள்.